உளுந்தங்களிக்கு ஸ்டார் இல்லை

1. அசெம்பிளி

பேச்சியம்மாள் விழுந்தபோது பிள்ளைகள் உறுதிமொழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு வரிசையில் மூன்றாவதாக நின்றவள், சத்தமே இல்லாமல் முன்னால் நின்ற பையன் மேல் சாய்ந்து தரையில் சரிந்தாள். நான்தான் அவள் வகுப்பு மிஸ். ஓடிப்போய்த் தூக்கினேன். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு லேசாக இருக்கக் கூடாது.

பாளையங்கோட்டையிலிருந்து சீவலப்பேரி போகிற ரோட்டில் இருக்கிற சின்ன நர்சரி பிரைமரி பள்ளி அது. பெயர் வேண்டாம். அங்கே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பிள்ளைகளுக்கு நான் எஸ்தர் மிஸ். பள்ளி வேனிலேயே பேச்சியைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.

"புள்ளைக்கு ரத்தமே இல்லையே. வீட்ல சாப்பாடு குடுக்காங்களா இல்லையா?"

"அம்மா பீடி சுத்துதா டாக்டர். இதையெல்லாம் கவனிக்க அவளுக்கு எங்க நேரம்?" என்றேன் நான்.

அந்த வீட்டுக்குள் நான் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் பெரிய இவள் மாதிரி பதில் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவருகில் அந்த அம்மா நிற்கிறாள். இசக்கியம்மாள். வேன் டிரைவர் போன் பண்ணியதும், ஆட்டோ பிடித்து ஓடி வந்திருக்கிறாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, டானிக் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

பணி ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களுக்காக எழுதுகிறேன் என்பதால் நிதானமாக எழுதப் பார்த்தேன். முடியவில்லை. கோபத்தில் பெரிய பங்கு என் மேல்தான். மிச்சத்தை யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவர்களுக்குக் கொடுக்கிறேன்.

2. டைம்டேபிள்

அந்த வருடம் ஜூன் மாதம் ஆரம்பித்த வினை இது. எங்கள் தாளாளருக்கு டவுனில் ஹார்டுவேர் கடை. ஊருக்கு அவர் அண்ணாச்சி, எங்களுக்கு சார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கடையில் பெயின்ட் விற்கிற மாதிரியே பள்ளிக்கூடத்தையும் விற்கலாம் என்று நினைக்கிறவர், அவ்வளவுதான்.

"பெரிய ஸ்கூல்ல எல்லாம் ஹெல்தி ஸ்நாக்ஸ்னு டைம்டேபிள் போட்டு டைரியில ஒட்டுதாங்க மிஸ். நாமளும் போடுவோம். தெனமும் டப்பாவத் தொறந்து வச்சு போட்டோ எடுத்து குரூப்புல போடுங்க. அதப் பாத்துத்தான் அடுத்த வருசம் அட்மிஷன் வரும்."

அவர் காரணம் எதுவோ இருக்கட்டும், காரியம் நல்லது என்று நினைத்தேன். அப்போதெல்லாம் இன்டர்வெல் மணி அடித்ததும் வகுப்பு முழுக்க பாக்கெட் கிழிகிற சத்தம்தான். காலையில் வரக்காப்பியும் வறட்டு ரொட்டியும் மட்டும் வயிற்றில் இருக்கும். அதன் மேல் மிளகாய்ப்பொடி தூவின குச்சி சிப்ஸ் போகும். பதினொன்றரைக்கு ஒவ்வொருத்தராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். இதை நிறுத்த வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை இருந்தது.

டைம்டேபிளை எழுதினது நான்தான். செல்போனில் வந்த ஏதோ ஒரு பெரிய பள்ளியின் அட்டவணையைப் பார்த்து அப்படியே இறக்கினேன். திங்கள் பழம். செவ்வாய் சுண்டல். புதன் கேரட், வெள்ளரிக்காய். வியாழன் பாதாம், முந்திரி. வெள்ளி வெஜ் சாண்ட்விச். எங்கள் வேன் போகிற ஊர்களில் பிரெட் வாங்கினால், "வீட்ல யாருக்குக் காய்ச்சல்?" என்று கடைக்காரர் கேட்பார். அது தெரிந்தும் சாண்ட்விச் என்று எழுதினேன்.

சுவரில் ஒரு பெரிய சார்ட். நடுவில் ஆப்பிள், திராட்சை, கேரட், பால் டம்ளர் படம். இடது பக்கம் பிள்ளைகள் பெயர், எதிரே கட்டம் கட்டமாக நாட்கள். டைம்டேபிள்படி கொண்டு வந்தால் தங்க நிற ஸ்டார். மாற்றிக் கொண்டு வந்தால் கட்டம் காலி. இதற்கு நாங்கள் வைத்த பெயர் டப்பா செக்கிங். சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்துகிற மாதிரி ஒவ்வொரு பெஞ்சாக நின்று பார்த்தேன்.

3. ஒரே ஆப்பிள்

ஒரு திங்கட்கிழமை ஒரு பையன் டப்பாவில் முழு ஆப்பிள். நல்ல சிவப்பு, ஒரு பக்கத்தில் மட்டும் பிறை மாதிரி ஒரு நசுங்கல். ஸ்டார் ஒட்டி போட்டோ எடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை, அவன் ஏறுகிற அதே இடத்தில் வேனில் ஏறுகிற ஒரு பெண் பிள்ளை டப்பாவில் ஆப்பிள். அதிலும் பிறை நசுங்கல். மூன்றாவது திங்கட்கிழமை அதே தெருவிலிருந்து இன்னொரு பையன். பிறை பழுப்பாகி, தோல் சுருங்கி, அதே ஆப்பிள்.

"சாப்பிடு," என்றேன்.

"கடிக்கக் கூடாது மிஸ். அம்மா அடிப்பாங்க. திருப்பிக் குடுக்கணும்."

"யாருக்குலே?"

பையன் டப்பாவை மூடிக்கொண்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதற்கும் ஸ்டார் ஒட்டினேன். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் போய் அதைச் சிரிப்புக் கதையாகச் சொன்னேன். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். மூன்று வாரம் ஒரு பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்த மூன்று பிள்ளைகளைப் பற்றி எங்களில் ஒருத்தருக்கும் யோசனை போகவில்லை.

4. பேச்சியின் கட்டங்கள்

பேச்சி அரசு இட ஒதுக்கீட்டில் எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளை. அப்பாவுக்கு கங்கைகொண்டான் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறாள். பேச்சி அதிகம் பேச மாட்டாள். கணக்கு மட்டும் மற்றவர்களுக்கு முன்னால் போட்டு முடித்துவிட்டு ஸ்லேட்டைக் கவிழ்த்து வைப்பாள்.

முதல் திங்கள் அவித்த சீனிக்கிழங்கு கொண்டுவந்தாள். "இது பழமா? கிழங்குல்லா. அடுத்த வாரம் பழம் கொண்டா," என்றேன். ஸ்டார் இல்லை. செவ்வாய் முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. சுண்டல் இல்லை, ஸ்டாரும் இல்லை. புதன்கிழமை டப்பாவைத் திறந்தாள். உளுந்தங்களி. தோல் உளுந்தும் கருப்பட்டியும் போட்டு, நல்லெண்ணெய் மினுங்க, கறுப்பாக இரண்டு உருண்டை.

"மிஸ், சாணி மாதிரி இருக்கு!" என்றான் பக்கத்துப் பெஞ்சுப் பையன். வகுப்பே சிரித்தது.

"ஷ்ஷ்," என்றேன் நான். அந்தப் பையனை அதட்டவில்லை. பேச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேரட் இல்லாததால் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த டப்பாவுக்குப் போனேன்.

நான் பெரிய மனுஷியானபோது என் அம்மா எனக்கு நாள் தவறாமல் கிண்டிக் கொடுத்தது அந்தக் களிதான். இடுப்புக்கு பலம், எலும்புக்கு பலம் என்று திட்டித் திட்டி ஊட்டினாள். அந்த பலத்தில்தான் இருபத்திரண்டு வருடம் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். அந்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை கொண்டுவந்தது எங்கள் சார்ட்டில் இருந்த எல்லாவற்றையும் விட நல்ல சாப்பாடு. அது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பு கேட்கலாம். தெரிந்தே செய்ததற்கு என்ன கேட்க?

இரண்டு வாரத்தில் பேச்சியின் டப்பா காலியாக வர ஆரம்பித்தது. "வேன்லயே சாப்பிட்டுட்டேன் மிஸ்," என்றாள். நான் நம்பினேன். போட்டோவுக்கு அவள் டப்பா தேவைப்படவில்லை என்பதால் நம்புவது வசதியாகவும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டையும் அவள் கிணற்றடிப் பக்கம் தனியாக எடுத்துப் போனதை நான் கவனிக்கவே இல்லை.

5. மாடத்தி சொன்னது

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்று மத்தியானம், ஸ்டாஃப் ரூமில் புலம்பிக்கொண்டிருந்தேன். "இந்த அம்மாமார் பிள்ளையைப் பெத்துப் போட்டா மட்டும் போதுமா?" என்றெல்லாம் பேசினேன். கூட்டிக்கொண்டிருந்த ஆயா மாடத்தி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள்.

"அவ அம்மைய ஏன் ஏசுதிய? அந்தப் புள்ள காலையில வந்ததும் பாத்ரூமுக்குப் பின்னால போயி டப்பாவக் கொட்டிட்டுல்லா வகுப்புக்கு வருது. களி, அடை, கிழங்குன்னு எல்லாம் அங்கனதான் கெடக்கு. மத்தியானச் சோத்தையும் கெணத்தடியில கொட்டிருது. நம்ம வாசல்ல கெடக்க நாய் எப்படித் தேறிட்டு, பாக்கலியா?"

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"ஒங்க செக்கிங்குக்குப் பயந்துதானே கொட்டுது. ஒங்ககிட்ட என்னன்னு சொல்ல?"

நான் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவரோரம் காய்ந்த களி. எறும்பு மொய்த்திருந்தது.

6. தட்டை வைக்காத கை

அன்று சாயந்திரமே டவுன் பஸ் பிடித்து பேச்சி வீட்டுக்குப் போனேன். இசக்கியம்மாள் மடியில் பீடித்தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பேச்சி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மிஸ்ஸு. தூள் வாடை அடிக்கும். பரவாயில்லன்னா உக்காருங்க."

நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. இலை, தூள், சுருட்டு, நூல். பிறகு தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

"எனக்கு நேரம் இல்லன்னு டாக்டர்ட்ட சொன்னியள்லா? நாலு மணிக்கு எந்திக்கேன் மிஸ்ஸு. எதுக்குன்னு கேளுங்க. இந்தத் தூளத் தொட்டுட்டா எத்தன சோப்புப் போட்டாலும் கைய விட்டு வாடை போவாது. அந்தக் கையால உருட்டிக் குடுத்தா எம்புள்ளைக்கு ஓங்கரிக்கும். அதனால தட்டத் தொடுததுக்கு முன்னாலயே களியோ அடையோ செஞ்சு, டப்பாவுல வச்சு மூடிட்டுத்தான் எலைய எடுப்பேன். அதப் போயி நாய்க்குப் போட வச்சிட்டியளே."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என் அழுகை அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்திருக்கும்.

"டிசி குடுத்துருங்க. கவர்மெண்டு பள்ளிக்கொடத்துல காலையிலயே சாப்பாடு போடுதாங்க. அங்கன ஒருத்தியும் எம்புள்ள டப்பாவத் தொறந்து பாக்க மாட்டா."

அவள் சொன்னது நியாயம். அரசுப் பள்ளி டீச்சர்களை இளக்காரமாகப் பேசின எங்கள் ஸ்டாஃப் ரூம் கேட்டிருக்க வேண்டிய நியாயம். ஆனால் வேறு எங்கே போனாலும் பேச்சி தன் அம்மா செய்ததை வெட்கப்பட்டுக் கொட்டுவாள் என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

"நான்தாம்மா மூட வச்சேன். நானே தொறக்க வைக்கேன். கொஞ்ச நாள் குடுங்க."

இசக்கியம்மாள் ஒரு கட்டு பீடியை நூல் சுற்றி வைத்தாள். "அரையாண்டுப் பரிச்சை வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள எம்புள்ள அவ டப்பாவ எல்லார் முன்னாலயும் தொறந்து திங்கணும். இல்லன்னா டிசிதான்."

7. பெற்றோர் கூட்டம்

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். ஆரோக்கிய உணவைப் பற்றி தாளாளர் கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் ஸ்பான்சர் என்று ஒருவரை மேடைக்கு அழைத்தார். அவர் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு சத்து பானப் பொட்டலமும் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தார். கேழ்வரகு அடைக்குக் கட்டத்தைக் காலியாக விட்ட பள்ளி, சீனியையும் டால்டாவையும் மேடை போட்டுக் கொடுத்தது. கைதட்டல் வேறு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மைக்கைக் கேட்டேன், தரவில்லை. வகுப்பறைக்குப் போய் சார்ட்டைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்து, பெற்றோருக்கு முன்னால் நின்றேன். மைக் இல்லாமல் கத்திப் பழகின தொண்டைதானே.

"இந்த டைம்டேபிள எழுதினது நான். இது தப்பு. உங்க வீட்ல என்ன நல்லது செய்யுதீங்களோ அதைக் குடுத்து விடுங்க. இனி நான் யார் டப்பாவையும் திறந்து பாக்க மாட்டேன். யாரையும் போட்டோ எடுக்க மாட்டேன்," என்று சொல்லி சார்ட்டை இரண்டாகக் கிழித்தேன்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "அப்பம் அந்த ஆப்பிளு வேண்டாமா மிஸ்? எங்க தெருவுல மூணு வீடும் சேந்து ஒண்ணுதான் வாங்குனோம். போட்டோவுக்குத்தான கேக்கியன்னு, மாத்தி மாத்திக் குடுத்து விட்டோம்."

இன்னொரு அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். "மிஸ், கொய்யாப்பழம் பழத்துல சேத்தியா? எங்க வீட்லயே மரம் நிக்கி. படத்துல இல்லியேன்னு குடுத்து விடல."

மரத்தில் கொய்யா பழுத்து அணில் தின்றுகொண்டிருக்க, அந்தப் பிள்ளை திங்கட்கிழமைதோறும் வெறும் கையோடு வந்து என்னிடம் ஏச்சு வாங்கியிருக்கிறது. அன்றைக்கு அந்த மேடையை இடித்துப் போடலாம் போலிருந்தது.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். "ஸ்பான்சர் முன்னால மானத்த வாங்கிட்டீங்க மிஸ். கோவம் இருந்தா என்கிட்ட பைய சொல்லக் கூடாதா?" என்றார். மெமோ கொடுத்தார். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறேன். மற்ற வகுப்புகளில் டைம்டேபிள் தொடர்ந்தது. என் வகுப்பில் மட்டும் இல்லை.

8. கட்டி விழுந்த களி

சார்ட்டைக் கிழிக்க ஒரு நிமிடம் ஆனது. பேச்சி டப்பாவைத் திறக்க வாரக்கணக்கில் ஆனது. பாத்ரூமுக்குப் பின்னால் போவது நின்றது. மாடத்தி வாசலிலேயே நின்று, "ஏட்டி, நேரே வகுப்புக்குப் போ," என்று கையைப் பிடித்து அனுப்பிவிடுவாள். ஆனால் இன்டர்வெல்லில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் கேட்டதில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. சாயந்திரம் வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் சாப்பிட்டாள் என்று இசக்கியம்மாள் போனில் சொல்லுவாள்.

நானும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். ஒருநாள் காலையில் எழுந்து உளுந்தங்களி கிண்டினேன். முப்பது வருடமாகக் கிண்டாத கை. கட்டி கட்டியாக விழுந்து, அடியும் பிடித்துவிட்டது. அதையே டப்பாவில் வைத்துக் கொண்டுபோய் பிள்ளைகள் நடுவில் திறந்தேன்.

சாணி என்று சொன்ன அதே பையன் எட்டிப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான். நான் ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தேன். உள்ளே மாவு வேகாமல் வெள்ளையாக இருந்தது.

பேச்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னிடம், அந்த வருடத்திலேயே முதல் தடவையாக, கேட்காமலே பேசினாள்.

"நல்லெண்ணெய் பத்தல மிஸ். எங்க அம்மா கிண்டுனா இப்படிக் கட்டி விழாது."

"அப்படியா? எப்படிக் கிண்டுவாங்க?"

"கருப்பட்டிப் பாகு கொதிக்கும்போது மாவத் தூவிக்கிட்டே இருக்கணும். நிறுத்தப்புடாது. நான்தான் தூவுவேன்."

அன்றைக்கு அவள் டப்பா திறக்கவில்லை. மறுநாள் திறந்தாள். களிதான். இரண்டு உருண்டையில் ஒன்றைப் பாதியாகப் பிட்டு, "இதத் தின்னு பாருங்க மிஸ்," என்று என் கையில் வைத்தாள். மற்றதைச் சாப்பிட்டாள். அரையாண்டுப் பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அன்று சாயந்திரம் இசக்கியம்மாளுக்குப் போன் பண்ணினேன். "சரி மிஸ்ஸு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். டிசி கேட்கவில்லை.

நல்ல முடிவு என்று நினைத்து இத்தோடு நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அது இன்னொரு போட்டோ ஆகிவிடும். ஆகவே மிச்சத்தையும் சொல்கிறேன்.

பேச்சி சாப்பிட்டாள்தான். ஆனால் டப்பாவின் மூடியை இடது கையால் மறைப்பு மாதிரி நேராக நிறுத்தி, அதற்குப் பின்னால் குனிந்து சாப்பிட்டாள். நாளாவட்டத்தில் போய்விடும் என்று நினைத்தேன். வருடம் முடிகிறவரை போகவில்லை. அடுத்த வருடம் அவள் மூன்றாம் வகுப்புக்குப் போனாள். உடம்பு தேறியிருந்தாள், கன்னத்தில் கொஞ்சம் சதை விழுந்திருந்தது. ஒருநாள் இன்டர்வெல்லில் அந்த வகுப்பு வழியாகப் போனேன். எல்லாப் பிள்ளைகளும் ஒருவர் டப்பாவில் ஒருவர் கை விட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். பேச்சி மட்டும் மூடியை நிறுத்திப் பிடித்திருந்தாள்.

பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றிப் பேசப் போகிற டீச்சர்களே, உங்கள் சார்ட்டை ஒட்டுவதற்கு முன்னால் பிள்ளைகளின் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று போய்ப் பாருங்கள். முடியாவிட்டால் கேட்கவாவது செய்யுங்கள். அதையும் செய்ய முடியாவிட்டால் பிள்ளைகளின் டப்பாவைத் தொடாதீர்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் சின்னப் பெண். பேச்சியை நான் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்துவிட்டு வந்தாள்.

"அந்தப் புள்ளை எப்பவும் அப்படித்தான் சாப்பிடுது அக்கா. சின்ன வயசுலேருந்தே பழக்கம் போல," என்றாள்.

"பழக்கம் இல்ல," என்றேன். "ரெண்டாங் கிளாஸ்ல நான் சொல்லிக் குடுத்தது."